தூளிக் கொக்கிக்கு மேலே

கான்கிரீட் ரிப்பேர் தொழிலில் பாதி வேலை சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. மீதிப் பாதி, கேட்ட சத்தத்தை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பது. முதல் பாதியைக் கல்லூரியில் ஓரளவு சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது பாதிக்குப் பாடம் இல்லை.

தாம்பரத்தைச் சுற்றி வீடு கட்டியவர்களுக்கும் அந்த வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மல்லாந்து படுத்தால் கூரையில் ஒரு கோடு தெரியும். போன வருடம் அது இருந்ததா என்று யோசிப்பீர்கள். அடுத்த மழைக்குப் பிறகு கோட்டின் ஓரத்தில் காப்பிக் கறை மாதிரி ஒரு நிறம் இறங்கும். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டில் மணல் விழும். அப்போதுதான் எங்களைக் கூப்பிடுவீர்கள்.

எங்களை என்றால், பல்லாவரத்தில் ரஷீத் பாய் நடத்திவந்த சின்ன கம்பெனி. பாய், கொத்தனார் முனுசாமி அண்ணன், கூட இரண்டு மூன்று ஆட்கள், சிவில் படித்து முடித்து அப்போதுதான் சேர்ந்திருந்த நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கிழக்குத் தாம்பரத்தில் இஸ்திரி வண்டி. மடித்த சட்டையைக் கொடுக்கும்போதெல்லாம் "பையன் இன்ஜினியர்" என்பதையும் சேர்த்துக் கொடுப்பார். அதனால் நான் எங்கேயாவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் அது சட்டையோடு சட்டையாகத் தெரு முழுக்கப் போய்விடும் என்கிற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

பெயிண்ட் போதும்

நான் தனியாகப் போய்ப் பார்த்த முதல் வீடு கீழ்க்கட்டளையில் இருந்தது. மாடி ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து, கம்பி வரிசையாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் என்னைவிட இருபது வயது பெரியவர், ஆனாலும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். நம் பக்கத்துக் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கிறது. கான்கிரீட்டில் உள்ள நுண்ணிய வழிகளில் அது கம்பிவரைக்கும் போய்விடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே வெளியே தள்ளும். அதனால் மேலே பூசினால் போதாது. கம்பிக்குப் பின்பக்கம்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு அடித்து, பிறகுதான் மூட வேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். மாடிக்குக் குடிவரப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம், அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தால் போதுமாம். "அந்த சன்ஷேடுக்குக் கீழதான் சார் அவங்க பிள்ளைங்க விளையாடும்" என்று நான் கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் டீ கிளாஸை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும் சார். அவங்க என்ன, தட்டிப் பார்த்துட்டா குடிவரப் போறாங்க?"

கொக்கி

அடுத்த வாரம் பம்மல். சாமிநாதன் சார் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை அவரே பக்கத்தில் நின்று கட்டியிருந்தார். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறது, ஹால் கூரையில் ஈரம் தெரிகிறது என்று கூப்பிட்டிருந்தார். அவர் மகள் கவிதா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக வந்திருந்தார். குழந்தை வரப்போகிற வீடு, கூரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் மனைவி விஜயா அம்மாவின் எண்ணம். ஹாலின் நடுவில் கூரையிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி தொங்கியது. தூளி கட்டுவதற்கென்று வீடு கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் வைத்த கொக்கி. கவிதாவும் அவர் தம்பியும் அதில்தான் தூங்கினார்களாம். விஜயா அம்மா அதற்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவைத்திருந்தார்.

நான் ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஏறி, சுவர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக் என்று கெட்டியாகக் கேட்டது. கொக்கியை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. டொப், டொப். காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி. கான்கிரீட்டின் அடிப்பகுதி கம்பியை விட்டுப் பிரிந்து, விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். மறுபடியும் தட்டினேன். அதே சத்தம். கீழே இறங்கி, "சார், ரிப்பேர் பண்றவரைக்கும் இந்தக் கொக்கியில தூளி கட்டாதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "பொறக்கிற குழந்தை என்னப்பா இருக்கும்? மூணு கிலோ. அதுக்கா கொக்கி விழும்?" கொக்கி விழாது என்றுதான் நானும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை. "கொக்கி விழாது சார், அது உள்ளே கம்பியோட கட்டியிருக்கும். அதைச் சுத்தி இருக்கிற கான்கிரீட் பத்தைதான் விழும். தூளி ஆட ஆடக் கொக்கி அசையும், அது இந்தப் பத்தையை அசைக்கும். விழுந்தா நேரா தூளிக்குள்ளதான் விழும்." சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், கவிதா அறை வாசலில் நின்று வயிற்றில் கை வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமிநாதன் சாருக்கு முகம் மாறிவிட்டது. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இந்தக் கொக்கியில என் ரெண்டு பிள்ளைங்களும் தூங்கி எழுந்திருக்குப்பா. அப்போ நீ பொறந்திருக்கவே மாட்டே."

கருவாடு

மறுநாள் போனது ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடலோரக் குப்பத்தில் தனம் அக்காவின் வீடு. அவர் மீன் விற்பவர். கூடையைத் தலையில் சுமந்தே கட்டிய மொட்டைமாடி வீடு அது. கட்டி அதிக வருடம் ஆகவில்லை, அதற்குள் கூரைக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. காரணம் தேட நான் மேலே ஏறினேன். தளம் முழுக்க மீன் பிளந்து உப்புத் தடவிக் காயப்போட்டிருந்தார். உப்புநீர் வழிந்து தளத்தின் வெடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

கருவாட்டைத் தரையில் போடாமல் தட்டியின்மேல் போடச் சொன்னேன், அடியில் தண்ணீர் வெளியே வழிந்துபோக வழிசெய்யச் சொன்னேன், தளத்துக்கு நீர் இறங்காத பூச்சு போட வேண்டும் என்றேன். உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று விளக்கினேன். அவர் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீனுக்கு உப்பு போட்டா கெடாம கீது. வூட்டுக்கு உப்பு பட்டா கெட்டுப்பூடும்னு சொல்லிக்கினு வந்து நிக்கிறியே, இன்னா படிப்புப்பா படிச்சே நீ?"

விற்கும் பொருள்

பல்லாவரம் வந்து சேர்ந்தபோது ரஷீத் பாய் எனக்காகக் காத்திருந்தார். சாமிநாதன் சார் போன் செய்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் மகள் அழுதுகொண்டே இருந்தாராம், சாப்பிடவே இல்லையாம். "நெறமாசம் நெருங்குற பொண்ணு இருக்கிற வீட்ல இப்படியா தம்பி பேசுறது? ரிப்பேர் வேணும்னு சொல்லு. தூளியைப் பத்தி எதுக்குப் பேசினே?"

"தூளிதானே பாய் அங்கே தொங்கப்போறது" என்றேன். பாய் கெட்டவர் இல்லை. நல்ல சரக்கை மட்டுமே போடுகிறவர். ஆனால் அவர் வீடு வீடாகப் போய் வேலை பிடிக்கிறவர், ஒரு தெருவில் பெயர் கெட்டால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டும். இனிமேல் அந்த வீட்டுக்கு நீ போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாம விக்கிறது சிமெண்டு, தம்பி. பயத்தை விக்க ஆரம்பிச்சா ஒருத்தனும் வாசல்ல நிக்கவிட மாட்டான்."

எங்கள் வாடகை வீட்டுக் கூரை

சில நாட்கள் கழித்து முனுசாமி அண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். பம்மல் வீட்டில் வேறு ஆளை வைத்து, வெடிப்பின்மேல் புதிதாகச் சிமெண்ட் பூசி வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பிரிந்து நிற்கும் பத்தையின்மேல் இன்னொரு பூச்சு என்றால், விழப்போவதன் எடை கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அதேசமயம் இன்னொரு சந்தேகமும் என்னை அரித்தது. கொக்கி இருக்கிற இடத்தில் சத்தம் கொஞ்சம் மாறித்தான் கேட்குமோ? நல்ல கூரையைக் கெட்டது என்று சொல்லி ஒரு கர்ப்பிணியை அழவைத்துவிட்டேனோ? அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டு ஃபேன் கொக்கியைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம்தான் வந்தது. அறை முழுக்கத் தட்டினேன். அம்மா சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரர் படியிறங்கி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் சுத்தியலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ படிக்கிறதுக்கு என் வூடுதான் கெடைச்சுதா?"

குழவி

ஒருநாள் என் செல்போனில் ஒரு பெண் குரல். "சார், நான் பம்மல் கவிதா பேசுறேன். பொண்ணு பொறந்திருக்கா. நாளைக்குத் தூளியில போடுறாங்க. அப்பா கேக்க மாட்டேங்கிறார். நீங்க ஒரு தடவை வந்து சொல்றீங்களா?" பாய் போக வேண்டாம் என்று சொன்ன வீடு. போனால் வேலை நிலைக்காது. அதைக் கவிதாவிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பாயிடமும் சொல்லவில்லை.

நான் போனபோது ஹாலில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிய வெள்ளைக் கூரையின் நடுவிலிருந்து, விஜயா அம்மாவின் பழைய நூல் புடவையில் கட்டிய தூளி தொங்கியது. சாமிநாதன் சார் வாசலுக்கே வந்து என் தோளில் கைவைத்தார். "வந்தது சந்தோஷம். சாப்பிட்டுப் போ. இன்னைக்கு மட்டும் எதுவும் பேசாதேப்பா." இருபது பேர் முன்னால் எதை, எப்படிப் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி கதவோரம் நின்றேன். கவிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வீட்டு வழக்கப்படி, குழந்தைக்கு முன்னால் அம்மிக் குழவியைத் தூளியில் போட்டு ஆட்டுவார்கள். குழவியைக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். பிள்ளை கல்போல் உறுதியாக வளர வேண்டும் என்பதற்காக. குழந்தையைவிடக் கனமான கல். இரண்டு பெண்கள் சேர்ந்து அதைத் தூளிக்குள் இறக்கினார்கள். ஒருவர் மெல்லிய குரலில் பாட, விஜயா அம்மா ஆட்டினார். எல்லோரும் தூளியைப் பார்த்தார்கள். நான் ஒருவன் கொக்கியைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சில், கொக்கியைச் சுற்றி முடிபோல ஒரு கோடு விழுந்தது.

குழவியைத் திருப்பி எடுக்கக் குனிந்த விஜயா அம்மா அப்படியே நின்றார். ஈர மஞ்சளின்மேல் மணல் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் நாலு மணல் வந்து விழுந்தது. பாட்டு நின்றது. "குழந்தையைக் கொடும்மா, நேரம் ஆகுது" என்று யாரோ ஒருவர் சொன்னார். கவிதா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "நான் குடுக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை.

சாமிநாதன் சார் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சுத்தியலைக் கொடுத்தேன். தூளியை அவரே அவிழ்த்தார். நான் செய்த மாதிரியே ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஏறி, சுவர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். டக், டக், டக். பிறகு டொப். கை நின்றது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டினார், மறுபடியும் முன்னால் தட்டினார். அந்த வித்தியாசம் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. இறங்கும்போது அவர் கால் தரையைத் தேடித் தடுமாறியது, நான் பிடித்துக்கொண்டேன். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தோல் கெடாம இருக்க வருஷக்கணக்கா உப்பை அள்ளிப் போட்டவன் நான். இந்தக் கூரைக்குக் கலந்தது எங்க கிணத்துத் தண்ணி தம்பி, வாயில வச்சா கரிக்கும்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

உடைத்தபோது

பாய்க்கு நானே போய்ச் சொன்னேன். நான் பம்மலுக்குப் போனதையும் அங்கே நடந்ததையும். அவர் முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டு உளி, சுத்தியல், சாரம் எல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார். தானும் வந்தார்.

கவிதாவும் குழந்தையும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். கொக்கிக்கு ஒரு சாண் தள்ளி முனுசாமி அண்ணன் உளியை வைத்து ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பார். புதுப் பூச்சும் பழைய கான்கிரீட்டுமாக ஒரு பெரிய பத்தை கழன்று, தூளி தொங்கிய இடத்தில் தரையில் விழுந்தது. தரை அதிர்ந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த விஜயா அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மேலே, தின்னப்பட்டுப் பாதியாக இளைத்த கம்பிகளுக்கு நடுவே, கறுப்புப் பெயிண்ட் அடித்த கொக்கி மட்டும் அசையாமல் தொங்கியது. "இன்ஜினியர் சொன்ன மாதிரி கொக்கி விழலை" என்றார் முனுசாமி அண்ணன். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

பாய் குனிந்து அந்தப் பத்தையை இரண்டு கையாலும் தூக்கினார். எடை பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "அடுத்த வீட்ல கொஞ்சம் மெதுவாச் சொல்லு தம்பி. ஆனா சொல்லிடு."

லாரித் தண்ணீர்

கம்பி பளபளவென்று தெரியும்வரை துருவைச் சுரண்டினோம். இளைத்த கம்பிகளோடு புதுக் கம்பி சேர்த்துக் கட்டினோம். துருத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் கலவையை ஒரே தடவையில் அப்பாமல் அடுக்கடுக்காக ஏற்றினோம். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் கொடுத்து, நீர் இறங்காத பூச்சும் போட்டோம். பழைய கொக்கியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினோம்.

கலவைக்கு லாரித் தண்ணீர்தான் என்று சாமிநாதன் சார் சொல்லிவிட்டார். வந்த ஒவ்வொரு குடத்திலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஊற்றவிட்டார். புதுக் கலவை இறுகும்வரை ஈரமாகவே இருக்க வேண்டும், ஆனால் கூரையின் அடிப்பக்கத்தில் ஈரச்சாக்குப் போட முடியாது. செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை வாங்கிவந்து, கூரை காயாமல் அவரே தெளித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சொட்டிய நீரைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. வேலை முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகும் அவர் தெளிப்பதை நிறுத்தவில்லை என்று விஜயா அம்மா சொன்னார்.

கலவை நன்றாக இறுகியபின் மறுபடியும் தூளி கட்டினார்கள். இந்த முறை கூட்டம் இல்லை. அதே நூல் புடவை, அதே குழவி, புதிதாக அரைத்த மஞ்சள். விஜயா அம்மா ஆட்டினார். யாரும் குழவியைப் பார்க்கவில்லை, எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு குழவியை எடுத்து மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. கவிதா குழந்தையோடு எழுந்து வந்தார், ஆனாலும் தூளிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். சாமிநாதன் சார் ஸ்டூலை எடுத்து வந்து கொக்கிக்குக் கீழே போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "நீ தட்டு தம்பி. அவளுக்கும் கேக்கட்டும்."

இன்றும் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைத்தான் பார்க்கிறேன். என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.